ப்ராசஸர் மாற்றியாச்சு, விண்டோஸ் அடம்பிடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

2017-லிருந்து 2019 வரை ரைசன் 5 1600, 2600, ரைசன் 3 2200ஜி போட்டு சிஸ்டம் கட்டியவர்கள் பலரும் இப்போது அதே மதர்போர்டில் 5600, 5700எக்ஸ் அல்லது 5800எக்ஸ்3டி-யை மாற்றிப் போடுகிறார்கள். ஏஎம்டி ப்ராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்துவிட்டதால், முதல் தலைமுறை ரைசனை ஏற்காத விண்டோஸ் 11-க்குப் போவதற்காகவே மாற்றுகிறவர்களும் உண்டு. பழையதைக் கழற்றிப் புதியதை வைக்க அரை மணி நேரம் போதும். தலைவலி ஆரம்பிப்பது அதற்கு அப்புறம்தான். திரை வராது, வந்தால் 48 இலக்க எண் கேட்கும், அதைக் கொடுத்தால் பின் நம்பர் வேலை செய்யாது.

கடையில் கேட்டால் "ஃபார்மேட் போட்டுடலாம் சார்" என்பார்கள். அதற்கு உடனே தலையாட்ட வேண்டாம். இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் காரணமே இல்லை. ப்ராசஸர் மாற்றும்போது மூன்று விஷயங்கள் நடக்கின்றன. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்ததால் அதன் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்புகின்றன. பழைய ப்ராசஸரை நம்பியிருந்த, ரகசியத் திறவுகோல்களைப் பூட்டிவைக்கும் டிபிஎம் பெட்டகம் புதியதில் திறக்காமல் போகிறது. கடைசியாக, விண்டோஸ் புது வன்பொருளைப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டால் வருபவை. அவற்றை ஃபார்மேட் சரிசெய்யாது, உள்ளே இருக்கும் கோப்புகள் போவதுதான் மிச்சம்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஏஎம்4 போர்டை வைத்தே சொல்கிறேன். இன்டெல் வேறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

இன்னும் கழற்றவில்லை என்றால்

பழைய ப்ராசஸர் சாக்கெட்டில் இருக்கும்போதே நான்கு வேலைகளை முடித்துவிடுங்கள். பயாஸைப் புதிய ப்ராசஸரை ஏற்கும் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். பயாஸின் முக்கியமான பக்கங்களை, குறிப்பாக பூட், சாட்டா, மெமரி ஆகியவற்றை, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். விண்டோஸ் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். பின் நம்பர் மட்டும் தெரிந்தால் போதாது. நான்காவது, டிரைவில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கம் போய் 'சஸ்பெண்ட் புரொடெக்ஷன்' கொடுங்கள். இந்த சஸ்பெண்ட் அடுத்த ரீஸ்டார்ட் வரைக்கும்தான். பயாஸ் புதுப்பித்துவிட்டு ஒருமுறை விண்டோஸுக்குள் போய் வந்தால் பாதுகாப்பு தானாகத் திரும்பிவிடும், எனவே ப்ராசஸரைக் கழற்றுமுன் மறுபடி ஒருமுறை சஸ்பெண்ட் செய்யுங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்தப் பக்கம் இருக்காது. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற சுவிட்ச் இருந்தால் அதை அணைத்து, முழுதாக அணையும்வரை காத்திருங்கள். "நான் பிட்லாக்கர் எல்லாம் போட்டதே இல்லை" என்று சொல்லி இதைத் தாண்டிப் போக வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவிய விண்டோஸ் 11, குறிப்பாக 24எச்2 பதிப்பு, உங்களைக் கேட்காமலே இதைப் போட்டிருக்கலாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை

முதலில் சற்றுப் பொறுமை. புது ப்ராசஸரோடு முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமைச் சோதித்து, அதற்கேற்ற நேர அளவுகளைத் தானே கண்டுபிடிக்கும். ஏஎம்4-இல் ஓரிரு நிமிடம் ஆகலாம், டிடிஆர்5 போட்ட ஏஎம்5 போர்டுகளில் இன்னும் அதிகமாகவே இழுக்கும். இடையில் தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எரிவதும் இயல்புதான். பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்தினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பத்து நிமிடம் கழித்தும் ஒன்றும் வரவில்லை என்றால், மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். 2200ஜி, 3400ஜி போன்றவற்றின் உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. 5600, 5700எக்ஸ், 5800எக்ஸ்3டி மூன்றிலும் கிடையாது. போர்டின் எச்டிஎம்ஐ துளையில் இனி எதுவும் வராது, தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிகிற ப்ராசஸர்களுக்கும் இதே கதைதான்.

கேபிள் சரி என்றால் பயாஸைச் சந்தேகியுங்கள். பி450 போர்டுகள் சந்தைக்கு வந்தது 2018-இல், ரைசன் 5000 வந்தது 2020 நவம்பரில். இடையில் ஒருமுறையும் பயாஸைத் தொடாத போர்டுக்குப் புதிய ப்ராசஸர் யாரென்றே தெரியாது. பி350, எக்ஸ்370 போர்டுகளுக்கு ரைசன் 5000 ஆதரவு 2022-இல்தான் பரவலாக வந்தது. பழைய ப்ராசஸரைத் திரும்ப வைத்துப் புதுப்பிப்பது ஒரு வழி. போர்டின் பின்பக்கம் 'ஃபிளாஷ் பயாஸ்' அல்லது 'கியூ ஃபிளாஷ் பிளஸ்' பட்டன் இருந்தால், பென் டிரைவில் கோப்பை வைத்து ப்ராசஸர் இல்லாமலே புதுப்பித்துவிடலாம். கோப்புக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பதை மட்டும் போர்டின் கையேட்டில் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பட்டன் சும்மா கண்சிமிட்டிவிட்டு நின்றுவிடும்.

அப்புறம் வழக்கமான சோதனைகள். மின் இணைப்பை எடுத்துவிட்டு சிமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் நினைவகத்தை, கிளியர் செய்யுங்கள். ஒரே ஒரு ரேமை, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அதிலும் அசையவில்லை என்றால் ப்ராசஸரை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஊசிகளைப் பாருங்கள். ஏஎம்4-இல் ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. கூலரை நேராக மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்ட்டோடு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சிஸ்டத்தைச் சற்று நேரம் ஓட்டிச் சூடேற்றி அணைத்துவிட்டு, கூலரை இடம் வலமாகத் திருகிக் கழற்றுவது நல்லது. ஒரு ஊசி வளைந்திருந்தாலும் சிஸ்டம் ஆன் ஆகலாம், ஆனால் 16 ஜிபி ரேம் 8 ஜிபி என்று காட்டும், அல்லது எம்.2 டிரைவ் காணாமல் போகும். இப்படி எதாவது பாதியாகத் தெரிந்தால் விண்டோஸுக்குள் தேட வேண்டாம், சாக்கெட்டைப் பாருங்கள்.

"நியூ சிபியு இன்ஸ்டால்டு" என்று சொல்லி ஒய்-யா என்-னா என்று கேட்கிறது

இந்த இடத்தில்தான் அவசரம் ஆகாது. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி வரும். எஃப்டிபிஎம் பதிவுகள் பொருந்தவில்லை, 'ஒய்' அழுத்தினால் அழித்துப் புதிதாகத் தொடங்குவேன், 'என்' அழுத்தினால் பழைய பதிவை அப்படியே வைத்திருப்பேன் என்பது அதன் சாரம்.

எஃப்டிபிஎம் என்பது மேலே சொன்ன டிபிஎம்தான். அது தனிச் சில்லு அல்ல, ப்ராசஸருக்கு உள்ளேயே ஓடும் ஒரு பாதுகாப்புப் பெட்டகம். பிட்லாக்கரின் திறவுகோலும், உங்கள் பின் நம்பருக்கான ரகசியமும் அதில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பூட்டு குறிப்பிட்ட ப்ராசஸரோடு பிணைந்தது. வீட்டுச் சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டுக் குடிமாறி வந்த கதை இது.

பிட்லாக்கரை முன்பே சஸ்பெண்ட் செய்திருந்தால், அல்லது 48 இலக்க மீட்பு எண் உங்கள் கையில் இருந்தால், தயங்காமல் ஒய் கொடுங்கள். இரண்டும் இல்லை, பிட்லாக்கர் இருக்கிறதா என்பதே தெரியவில்லை என்றால் 'என்' கொடுங்கள். அப்போது புதிய ப்ராசஸரில் எஃப்டிபிஎம் வேலை செய்யாது, பிட்லாக்கர் இருந்தால் விண்டோஸ் மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். ஆனால் பழைய பதிவு அழியாமல் இருக்கும். பழைய ப்ராசஸரைத் திரும்பப் பொருத்தினால் வழக்கம்போல் உள்ளே போய் சஸ்பெண்ட் செய்துவிட்டு வரலாம். ஒய் கொடுத்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். பழைய ப்ராசஸரை மறுநாளே விற்றுவிடாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

நீலத்திரையில் பிட்லாக்கர் மீட்பு எண் கேட்கிறது

திரையில் 'கீ ஐடி' என்று ஒரு நீளமான குறியீடு தெரியும், அதன் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்பு எண்களைப் பாருங்கள். பழைய மடிக்கணினி, பழைய நிறுவல் என்று பல எண்கள் அங்கே கிடக்கலாம், குறித்து வைத்த எட்டு எழுத்துகளோடு பொருந்துவதே உங்களுக்கு வேண்டியது. வீட்டில் பலர் புழங்கும் சிஸ்டம் என்றால், முதன்முதலில் அதை அமைத்தவர் யாரோ அவருடைய கணக்கில் எண் போய் உட்கார்ந்திருக்கும். அண்ணனின் மின்னஞ்சல், கடைக்காரர் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சல் என்று எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். அலுவலக சிஸ்டம் என்றால் ஐடி பிரிவிடம் இருக்கும்.

எண்ணைக் கொடுத்து உள்ளே போனதும் வேலை முடிந்ததாக விட்டுவிட வேண்டாம். பிட்லாக்கரை ஒருமுறை சஸ்பெண்ட் செய்து, உடனே ரெஸ்யூம் கொடுங்கள். திறவுகோல் அப்போதுதான் புதிய டிபிஎம்மில் பூட்டப்படும். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் "ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 48 எண் கேட்கிறது" என்று புலம்புகிறார்கள்.

எண் எங்குமே இல்லை, பழைய ப்ராசஸரும் இல்லை, ஒய்-யும் கொடுத்தாகிவிட்டது என்றால் அந்த டிரைவில் உள்ளதை யாராலும் எடுக்க முடியாது. "சாஃப்ட்வேர் வைத்து உடைத்துத் தருகிறோம்" என்று சொல்கிறவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நேராக பயாஸுக்குள் போகிறது, அல்லது 'பூட் டிவைஸ்' இல்லை என்கிறது

பயாஸ் புதுப்பித்ததன் நேரடி விளைவு இது. டிரைவ் பயாஸில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் பாதிக் கவலை விட்டது.

பழைய சிஸ்டங்களில் அதிகம் பார்ப்பது சிஎஸ்எம் சிக்கல். பழைய முறையில் பூட் செய்ய உதவும் பயாஸ் வசதி அது. பல வருடத்துக்கு முன் விண்டோஸ் 7 காலத்துப் பழக்கத்தில் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் விண்டோஸ் போட்டிருப்பார்கள், அது சிஎஸ்எம் இயக்கத்தில் இருந்தால்தான் பூட் ஆகும். புதிய பயாஸ் அதை அணைத்துவைத்தே வரலாம். கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதியை இயக்கினாலும் சிஎஸ்எம் அணைந்துவிடும். பூட் பக்கத்தில் சிஎஸ்எம்மை மீண்டும் இயக்குங்கள், விண்டோஸ் வந்துவிடும். ஆனால் அதோடு விட்டுவிட்டால் விண்டோஸ் 11-க்குப் போக முடியாது. உள்ளே போனதும் விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால், டேட்டாவை அழிக்காமல் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றலாம். டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் அது மறுத்துவிடும். முதலில் எதையும் மாற்றாமல் சோதிக்கும் வேலிடேட் மட்டும் ஓட்டிப் பாருங்கள், பேக்கப் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள், பிறகு பயாஸில் சிஎஸ்எம்மை அணையுங்கள்.

விண்டோஸ் லோகோ வரை வந்து 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை விழுந்தால் விஷயம் வேறு. டிரைவோடு போர்டு பேசும் சாட்டா முறை மாறியிருக்கிறது. முன்பு ரெய்டு முறையில் இருந்தது இப்போது ஏஎச்சிஐ-க்குப் போயிருக்கும். எடுத்து வைத்த படத்தைப் பார்த்துப் பழையபடி மாற்றுங்கள். இன்டெல் போர்டுகளில் விஎம்டி என்ற அமைப்பு இதே வேலையைச் செய்யும், முன்பு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் வையுங்கள்.

இரண்டு மூன்று டிரைவ் உள்ளவர்கள் பூட் வரிசையையும் பார்க்க வேண்டும். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று எழுதியிருப்பது முதலில் இருக்கட்டும், டிரைவின் வெறும் பெயர் வேண்டாம்.

எம்.2 டிரைவ் பயாஸிலேயே தெரியவில்லை என்றால், ஏஎம்4-இல் முதல் எம்.2 ஸ்லாட்டின் தடங்கள் நேராக ப்ராசஸரிலிருந்து வருகின்றன என்பதை நினைவில் வையுங்கள். டிரைவைப் போர்டின் இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் டிரைவ் நலம், ப்ராசஸர் சரியாக உட்காரவில்லை அல்லது ஊசி வளைந்திருக்கிறது. இதையெல்லாம் பார்க்கும் முன் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஓட்டுவதும், எங்கோ பார்த்த கட்டளைகளால் பூட் பகுதியைத் திருத்துவதும் வேண்டாத வேலை. நன்றாக இருந்த பூட் பகுதி அதில்தான் கெடும்.

பின் நம்பர் வேலை செய்யவில்லை, ஆஃபீஸ் உள்ளே விட மறுக்கிறது

எஃப்டிபிஎம் அழிந்ததன் மிச்சம் இது, பயப்பட ஒன்றுமில்லை. லாகின் திரையில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' மூலம் கடவுச்சொல்லால் உள்ளே போய், பின்னை நீக்கிவிட்டுப் புதிதாக வையுங்கள். கைரேகையையும் மறுபடி பதிய வேண்டியிருக்கும். ஆஃபீஸ், அவுட்லுக், டீம்ஸ் ஆகியவற்றில் 80090016 என்ற எண்ணோடு 'டிரஸ்டட் பிளாட்ஃபார்ம் மாடியூல் பழுதாகிவிட்டது' என்ற செய்தி வரலாம். பழுது எதுவும் இல்லை, பழைய டிபிஎம்மில் பூட்டிய சான்றிதழை அது தேடுகிறது. செட்டிங்ஸில் 'ஆக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்' பக்கத்தில் அந்தக் கணக்கைத் துண்டித்து, ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் இணையுங்கள். நிறுவனத்தின் சிஸ்டம் என்றால் துண்டிக்குமுன் ஐடி பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மூலையில் வருகிறது

ப்ராசஸர் மட்டும் மாறினால் இது வழக்கமாக வராது, டிஜிட்டல் உரிமம் பெரிதும் மதர்போர்டைச் சார்ந்தது. வந்துவிட்டால் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட்டரை ஓட்டி, 'சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து இந்தக் கணினியைக் காட்டுங்கள். கடையில் 'ஃப்ரீயாக' போட்டுத் தந்த விண்டோஸ் என்றால் இந்த வழி உதவாது.

வேகம் கூடவே இல்லை

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் தாவலைத் திறந்து இரண்டு எண்களைப் பாருங்கள்.

முதலாவது மெமரி வேகம். 3200 என்று வாங்கிய ரேம் 2133 அல்லது 2400 காட்டினால், பயாஸ் புதுப்பித்தபோது, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்துவிட்டது. ஏசஸ் போர்டில் அதற்கு டிஓசிபி என்று பெயர். ரைசனுக்கு ரேம் வேகம் ரொம்ப முக்கியம், இது ஒன்றே விளையாட்டுகளில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும். முதல் தலைமுறை ரைசனில் 3200 நிலையாக ஓடாமல் 2933-க்குக் குறைத்து வைத்திருந்தவர்கள், புதியதில் முழு வேகத்தை மறுபடி முயலலாம். மெமரி கண்ட்ரோலர் ப்ராசஸருக்குள் இருப்பதால் அதுவும் சேர்ந்தே மாறிவிட்டது.

இரண்டாவது 'லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்'. 1600-இல் 12, 5700எக்ஸ்-இல் 16 இருக்க வேண்டும். இன்னும் 12 என்றே நின்றால், 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து பூட் தாவலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பாருங்கள். 'நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்' பெட்டியில் டிக் இருக்கும். என்றோ ஒருநாள் 'விண்டோஸை வேகமாக்கும் ரகசியம்' என்று ஒரு வீடியோ பார்த்து வைத்த டிக் அது. அது ஒருபோதும் வேகத்தைக் கூட்டியதில்லை, மேல்வரம்பு மட்டுமே வைக்கிறது. எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் வெப்பத்தைப் பாருங்கள். 5700எக்ஸ், 5800எக்ஸ்3டி இரண்டுக்கும் பெட்டியில் கூலர் வராது, உச்ச வெப்பம் 90 டிகிரி. 65 வாட் 1600-க்கு வந்த கூலரை 105 வாட் 5800எக்ஸ்3டி மேல் வைத்தால், அது 90-ஐத் தொட்டுத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் 2017 காலத்து 'ரைசன் பேலன்ஸ்டு' திட்டம் இன்னும் இருந்தால், சாதாரண 'பேலன்ஸ்டு'க்கு மாறி, ஏஎம்டி தளத்திலிருந்து புதிய சிப்செட் டிரைவரைப் போடுங்கள்.

நீலத்திரைகூட இல்லாமல் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது

ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போனால் 'கெர்னல் பவர் 41' சிவப்பில் நிற்கும். அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நாலு நாள் தேடுகிறவர்கள் அதிகம். 'கடைசி முறை ஒழுங்காக அணையவில்லை' என்பதைத் தவிர அது எதுவும் சொல்வதில்லை. அதன் அருகில், வன்பொருள் பிழைகளைப் பதியும் 'வீயா லாக்கர்' என்ற மூலத்திலிருந்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

18 என்ற எண்ணோடு 'கேஷ் ஹையரார்க்கி எர்ரர்' இருந்தால், ப்ராசஸரின் ஒரு கோர் தவறிழைத்து நின்றிருக்கிறது. 19 என்ற எண் திருத்தப்பட்ட பிழை. ரேமையும், ப்ராசஸருக்குள் தகவல் ஓடும் பாதையான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கையும் அளவுக்கு மீறி வேகமாக ஓட்டும்போது அது வரிசையாக வரும், வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும்.

18-க்குச் செய்ய வேண்டியது இது. பயாஸில் சேமித்து வைத்த பழைய ப்ரொஃபைலை ஏற்றியிருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். 1600-க்கு நீங்கள் கையால் கொடுத்த வோல்டேஜ் புதிய ப்ராசஸருக்கு நஞ்சு. 'லோடு ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' கொடுத்து, எக்ஸ்எம்பி, பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர் போன்ற வேகம் கூட்டும் அமைப்புகள் எதுவும் இல்லாமல் இரண்டு நாள் ஓட்டுங்கள். நின்றால் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எக்ஸ்எம்பி போட்டதும் திரும்ப வந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள்.

வேலை செய்யும்போது நன்றாக இருந்து, சும்மா விட்டிருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆனால், 'பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்' என்பதை 'டிப்பிக்கல் கரண்ட் ஐடில்' என்று மாற்றுங்கள். பழைய பவர் சப்ளைகள் சில, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் தடுமாறும். விளையாட்டின் உச்சத்தில் மட்டும் அணைந்தால் பவர் சப்ளையையே மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாம் தொழிற்சாலை நிலையில் இருந்தும் 18 வருகிறது, ஒவ்வொரு முறையும் கோரைக் குறிக்கும் அதே 'ஏபிஐசி ஐடி' எண் காட்டுகிறது என்றால் அந்தக் கோர் பழுது. இதற்கு மேல் அமைப்புகளோடு போராடுவது வீண், வாரண்டியில் மாற்றுங்கள். பெட்டியோடு விற்கும் ஏஎம்டி ப்ராசஸர்களுக்கு 3 ஆண்டு உண்டு. ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பெட்டியில்லாமல் வாங்கியது என்றால் விற்றவர் கொடுத்த வாக்குதான்.

இன்டெல்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 12-ஆம் தலைமுறையிலிருந்து 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9-க்கு மாறுகிறீர்கள் என்றால், ப்ராசஸரை வைப்பதற்கு முன்பே பயாஸைப் புதுப்பியுங்கள். அந்தத் தலைமுறைகளில் வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போய் ப்ராசஸர் மெல்ல மெல்லக் கெடும் குறை இருந்தது. அதற்கான மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தங்கள் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்தன. கிராஃபிக்ஸ் கார்டில் இடம் தாராளமாக இருந்தும் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று விளையாட்டு நின்றால் அது இதன் அறிகுறியாக இருக்கலாம். ஏற்கெனவே கெட்டதைத் திருத்தம் சரிசெய்யாது. இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்திருக்கிறது, எனவே செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பில்லோடு வாங்குங்கள்.

அவ்வப்போது ஒரு நொடி திக்குகிறது

ஒலியும் படமும் சேர்ந்து ஒரு கணம் உறைந்து, பிறகு தானாகச் சரியானால் எஃப்டிபிஎம் காரணமாக இருக்கலாம். 2022 மார்ச்சில் ஏஎம்டியே இதை ஒப்புக்கொண்டது. பயாஸுக்குள் ஏஎம்டி தரும் அடிப்படை நிரலான அஜெசா 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயாஸ் போட்டால் போய்விடும்.

லினக்ஸ் துணை அமைப்பு, எமுலேட்டர், சில விளையாட்டுகள் மட்டும் ஓடவில்லை

லினக்ஸ் துணை அமைப்பான டபிள்யூஎஸ்எல் 80370102 என்ற எண்ணைக் காட்டினால், அல்லது ஆண்ட்ராய்டு எமுலேட்டர் 'விர்ச்சுவலைசேஷன் இல்லை' என்றால், பயாஸில் எஸ்விஎம் மோடு அணைந்திருக்கிறது. இன்டெலில் அது விடி-எக்ஸ். இயக்கினால் போதும். ஹைப்பர்-வி மெய்நிகர் கணினியை 'சேவ்' நிலையில் விட்டுவிட்டு ப்ராசஸரை மாற்றியிருந்தால் அது எழுந்திருக்க மறுக்கலாம். அந்தச் சேமித்த நிலையை அழித்துவிட்டுப் புதிதாக இயக்குங்கள். உள்ளே சேமிக்காமல் திறந்திருந்த வேலை போகும், டிஸ்க்கில் உள்ளது போகாது.

வேலரன்ட் விளையாட்டு விண்டோஸ் 11-இல் 'வேன் 9001' காட்டினால் டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் பயாஸில் இயக்குங்கள். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள், சிமாஸ் கிளியர் செய்தபோது வருடம் பின்னால் போயிருக்கும்.

புதிய ப்ராசஸர் இருந்தும் 'விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை' என்கிறது

விண்டோஸ் அப்டேட் பக்கம் பழைய மதிப்பீட்டையே கொஞ்ச காலம் காட்டிக்கொண்டிருக்கும். பிசி ஹெல்த் செக் செயலியில் மறுபடி சோதியுங்கள். அல்லது டாஸ்க் ஷெட்யூலரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், அப்ளிகேஷன் எக்ஸ்பீரியன்ஸ் என்று போய் 'கம்பாட்டிபிலிட்டி அப்ரைசர்' பணியை ஓட்டுங்கள். அதற்கு முன் எஃப்டிபிஎம் இயங்குகிறதா, சிஎஸ்எம் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். முன்பு 'என்' கொடுத்தவர்களுக்கு எஃப்டிபிஎம் அணைந்தே இருக்கும். 2200ஜி, 2400ஜி பெயரில் 2000 வரிசை இருந்தாலும், உள்ளே இருப்பது முதல் தலைமுறைதான், ஆதரவுப் பட்டியலில் அவை இல்லை.

லினக்ஸ்

பெரும்பாலும் சத்தமில்லாமல் பூட் ஆகிவிடும். இணையம் மட்டும் வராமல் போகலாம். ஜி வகை ப்ராசஸரிலிருந்து சாதாரண வகைக்கு மாறும்போது பிசிஐ எண்கள் நகர்ந்து, 'இஎன்பி3எஸ்0' என்றிருந்த நெட்வொர்க் கார்டு 'இஎன்பி4எஸ்0' ஆகிவிடும். நிலையான ஐபி எழுதிவைத்த கோப்பில் பெயரை மாற்றுங்கள். டிரைவைப் பூட்டும் லக்ஸ் பூட்டை டிபிஎம்மோடு இணைத்திருந்தால் கடவுச்சொல்லால் திறந்து, புதிய டிபிஎம்மில் மறுபடி பதியுங்கள். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நிற்கும் நிரல், பழைய ப்ராசஸருக்கென்றே கம்பைல் செய்யப்பட்டது. மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும்.

அப்படியானால் எப்போதுதான் ஃபார்மேட்?

வீயா பிழை எதுவும் இல்லை, ரேம் சோதனை சுத்தம், பயாஸ் அமைப்புகள் படத்தோடு பொருந்துகின்றன, ஆனாலும் விண்டோஸ் மட்டும் தாறுமாறாக நடந்துகொள்கிறது என்றால் அதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில் விண்டோஸின் ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பைத் திறந்து, உள்ளிருந்தபடியே செட்டப்பை ஓட்டி, 'கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிஸ்டம் கோப்புகள் எல்லாம் புதிதாகும், உங்களுடையது எதுவும் போகாது. ஏஎம்5-இல் 7950எக்ஸ்3டி போல இரண்டு தொகுதிக் கோர்கள் கொண்டதற்கு மாறுகிறவர்கள், அல்லது அதிலிருந்து வேறொன்றுக்கு வருகிறவர்கள், சிப்செட் டிரைவரை முழுதாக நீக்கிப் புதிதாகப் போட்டும் விளையாட்டின்போது கோர்கள் தவறாக உறங்கினால், புதிதாக நிறுவுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த நிறுவலைத் தொடங்குமுன் பிட்லாக்கர் மீட்பு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டி டிரைவும் பூட்டியிருந்தால் புதிய விண்டோஸ் அதைத் திறக்க அந்த எண்ணைத்தான் கேட்கும்.